ரேண்டம் எண்

புதுவயலில் மில் சங்கு ஊதும்போது
ஒருமுறை திறந்து பார்த்தேன்.
தரவரிசைப் பட்டியல்: செயல்பாட்டில் உள்ளது.
நேற்று இதே இடத்தில்
பரிசீலனையில் உள்ளது என்றிருந்தது.
இரண்டுக்கும் என்ன வித்தியாசமென்று
தமிழ் மிஸ்ஸுக்குப் போன் போடப் போனேன்.
போடவில்லை.
அவர் சொல்லிவிட்டால்
யோசிக்க ஒன்று குறைந்துபோகும்.

நூற்று எண்பத்தாறு புள்ளி ஐந்து.
இப்போதைக்கு என் பெயர் இதுதான்.
காரைக்குடி பஸ்ஸில் சில்லறை தருகிறவர்கூட
கட்டாஃப் எவ்வளவு பாப்பா என்கிறார்,
சொன்னதும் உதட்டைப் பிதுக்குகிறார்.
அந்தப் பிதுக்கல் நல்லதா கெட்டதா என்று
கண்டனூர் தாண்டும்வரை யோசித்தேன்.

எனக்கு வேண்டிய கல்லூரியில், வேண்டிய பிரிவில்
எங்கள் வகுப்புக்குக் கடைசியாகக் கிடைத்த இடம்
போன வருஷம் நூற்று எண்பத்தாறு.
அதற்கு முந்தின வருஷம் நூற்று எண்பத்தேழு.
நடுவில் நிற்கிறேன்,
ரயில்வே கேட் போட்ட பிறகும்
இன்ஜினை அணைக்காத டிவிஎஸ் மாதிரி.

அப்பா நெல் லோடு இறக்கிவிட்டு வருகிறார்.
ஒன்றும் கேட்பதில்லை.
சட்டையை உதறுகிறார், உமி பறக்கிறது.
என் முகத்தைப் பார்க்காமல்
செல்போன் கிடக்கிற பக்கம் பார்க்கிறார்.
அது மல்லாந்து கிடந்தால் மறுசோறு வாங்குவார்.
கவிழ்ந்து கிடந்தால் மோர் மட்டும்.

அம்மா கொப்புடையம்மன் கோயிலில்
பூக்கட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.
வெள்ளை வந்ததாம்.
வெள்ளைக்கு என்னம்மா நினைச்சே?
கொஞ்சநேரம் கூடையையே பார்த்தாள்.
"நினைக்க மறந்துட்டேன்டி."

செக்காலை ரோட்டில்
பிரவுசிங் சென்டர் சேவுகன் அண்ணன் சொல்கிறார்:
சர்வர் திணறுதுன்னா
உள்ளே ஏதோ ஏத்துறாங்கன்னு அர்த்தம்.
திணறியது.
மத்தியானம் முழுக்கத் திணறியது.
பத்து பேர் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தோம்.
சாயங்காலம் தெரிந்தது,
தெருவில் கேபிளை எலி கடித்திருந்தது.

அங்கேதான் அழகுமீனாவும் இருந்தாள்.
மூன்றாவது கம்ப்யூட்டர்.
எனக்கு முதுகைக் காட்டி.

கணக்கில் அவளுக்கும் தொண்ணூற்றாறு.
இயற்பியலில் அவளுக்கும் தொண்ணூற்றொன்று.
மொத்தமும் ஒன்றே.
தேவகோட்டை ஆஸ்பத்திரியில்
ஒரே தேதியில் பிறந்தோம்,
அவள் காலையில், நான் விளக்கு வைத்த பிறகு.
கம்ப்யூட்டருக்குக் காலை மாலை கிடையாது.
பள்ளிக்கூடத்தில் இரட்டைப்பிள்ளை என்பார்கள்,
ஒரே டிபன்பாக்ஸில் ஒட்டிக்கொண்டு சாப்பிட்டோம்.

எல்லாம் ஒன்றாக இருந்தால்
ரேண்டம் எண் பெரிதாக உள்ளவர் முன்னால்.
அவ்வளவுதான் விதி.
பத்து இலக்கம். யாரும் படித்து வாங்கவில்லை.
என்னுடையது ஏழில் தொடங்குகிறது.
அவளுடையது எதில் என்று
அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
கேட்காமலே தேடுகிறேன்:
முன்னைவிட மெதுவாக நடக்கிறாளே,
புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாளே,
ஊருக்குப் போகிறவள்தானே வாங்குவாள்?
போன வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
எட்டில் தொடங்குகிறவள் சிரிக்கிற சிரிப்பா,
மூன்றில் தொடங்குகிறவள் சிரிக்கிற சிரிப்பா?

அவளும் என் செருப்பைப் பார்த்தாள்.
பழைய செருப்பு.
என்ன எழுதிக்கொண்டாளோ.

ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மெசேஜ்.
கை நடுங்கத் திறந்தால்
உங்கள் சிலிண்டர் பதிவு செய்யப்பட்டது.
அம்மா சந்தோஷப்பட்டாள்.

பதினொன்று பத்து.
சென்னையில் யாரோ ஒருவர்
ஒரு பொத்தானை அழுத்திவிட்டு
டீ குடிக்கப் போயிருக்கலாம்.
பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெள்ளையாக.
வெள்ளைக்கு என்ன நினைத்தோம்?

போன் அடிக்கிறது.
அழகுமீனா.

உள்ளறையில் அப்பா புரண்டு படுக்கும் சத்தம் நின்றுவிட்டது.
எடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
ஒரு மணி,
இரண்டு மணி,
அடிக்கிற விதத்திலேயே
ஏதாவது தெரிகிறதா என்று.